குடிநோய் சிகிச்சைக்கு எந்த ஹெல்த் பாலிசி? மூன்று பிளான் அனுப்பிக் கேட்ட வாசகிக்கு

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பன்னிரண்டு வருடமாகக் குடிக்கிறார். ஒரு வருடமாகக் காலையில் எழுந்ததும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. இப்போது அவரே “எங்கேயாவது சேர்த்துவிடு” என்கிறார். தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றில் 30 நாளுக்கு 75,000 ரூபாய் கேட்டார்கள். தெரிந்த ஏஜென்ட் மூன்று ஃபேமிலி ஹெல்த் பிளான்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். “மூன்றிலும் மனநல சிகிச்சை கவர் ஆகும், குடியும் அதிலேயே வந்துவிடும். படிவத்தில் மட்டும் குடிப்பழக்கம் இல்லை என்று போட்டுவிடலாம்” என்கிறார். பிரீமியம் வருடத்துக்கு 19,000, 24,000, 31,000. சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள், நாங்கள் அதைப் பயன்படுத்தியதே இல்லை. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 10. மூன்றில் எதை எடுக்கலாம்? நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பாலிசி எடுக்கும்போது அப்பாவின் குடி குறுக்கே வருமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இன்சூரன்ஸ் பேச்சுக்கு முன் ஒன்று. காலையில் ஊற்றினால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால், உடம்பு மது இல்லாமல் ஓடாத நிலைக்கு வந்துவிட்டது. “பாலிசி கைக்கு வரட்டும், அதுவரை வீட்டிலேயே நிறுத்திப் பார்க்கலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த நிலையில் உள்ளவர் சட்டென்று நிறுத்தினால் முதல் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுகிற நிலையும் வரலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. மருந்து இருக்கிறது, ஆனால் மருத்துவர் கண்காணிப்பில்தான் கொடுக்க முடியும். நான் மருத்துவர் அல்ல, கிளெய்ம் ஆலோசகர். அதற்கு முன் ஒரு டிபிஏ-வில், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கிளெய்ம் கோப்புகளைப் பரிசீலிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவன். வீட்டிலேயே நிறுத்தப் பார்த்து, மூன்றாம் நாள் ஐசியூவில் வந்து சேர்ந்தவர்களின் கோப்புகள் என் மேஜைக்கும் வந்திருக்கின்றன. அதனால் முந்திக்கொண்டு சொல்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய மூன்று பாலிசி ஆவணங்களையும் படித்துவிட்டேன். இந்தச் சிகிச்சைக்காக என்றால் மூன்றுமே வேண்டாம். 19,000 கட்டினாலும் 31,000 கட்டினாலும், அந்த மையம் கேட்கிற 75,000-இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரும் என்று நம்ப இடமில்லை. உங்கள் கணவர் பெயரில் ஏற்கெனவே இருக்கிற இஎஸ்ஐ, இந்த ஒரு விஷயத்தில் மூன்றையும்விட மேலானது. நீங்கள் அதை ஓரமாகப் போட்டுவிட்டு, இல்லாத ஒன்றை வாங்கப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் பாலிசிகளைப் பார்ப்போம். இந்தியாவில் எந்தக் கம்பெனியின் ஹெல்த் பாலிசியை எடுத்தாலும், விலக்குகள் என்ற பகுதியில் சில வரிகள் ஒரே மாதிரி இருக்கும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில் விலக்குகளின் வாசகத்தைப் பொதுவாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தது. அதில் 12-ஆம் எண் உங்கள் வீட்டு விஷயம். குடிநோய், போதைப்பொருள் பயன்பாடு, வேறு எந்த அடிமைப் பழக்கமானாலும் அதற்கான சிகிச்சையும் அதனால் வரும் விளைவுகளும் இந்தப் பாலிசியில் சேராது என்பது அதன் சாரம். உங்கள் மூன்று ஆவணங்களிலும் அந்த வரி அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த வண்ணப் பிரசுரத்தில் மட்டும் அது இல்லை. பிரசுரத்தில் அது எப்போதுமே இருக்காது.

இந்த விலக்கைப் போட்டே ஆக வேண்டும் என்று எந்தக் கம்பெனிக்கும் கட்டாயம் இல்லை. விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். தனிநபர் பாலிசிகளில் அப்படி விட்டுக்கொடுப்பதைக் காண்பது அபூர்வம். பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குரூப் பாலிசியில் பேரம் பேசி இதை நீக்கிக்கொள்ள வழி உண்டு. ஐடி கம்பெனியிலோ வங்கியிலோ வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் ஹெச்ஆரிடம் குரூப் பாலிசியின் முழு வாசகத்தைக் கேட்டு இந்த 12-ஆம் விலக்கைத் தேடிப் பாருங்கள்.

அப்படியானால் “மனநல சிகிச்சை கவர் ஆகும், குடியும் அதிலேயே வந்துவிடும்” என்று ஏஜென்ட் சொன்னது முழுப் பொய்யா? இல்லை, பாதி உண்மை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்குக் கொடுக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது. மனநோய் என்றால் என்ன என்று அதே சட்டம் விளக்கும் இடத்தில், மதுவையும் போதைப்பொருளையும் தவறாகப் பயன்படுத்துவதோடு தொடர்புடைய மனநிலைகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்தச் சட்டப்படி நடக்கச் சொல்லி ஐஆர்டிஏஐ 2018 ஆகஸ்டில் கம்பெனிகளுக்கு எழுதியது. 2022 அக்டோபரில், அந்த மாதம் 31-ஆம் தேதிக்குள் எல்லா பாலிசிகளிலும் மனநோய் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று மறுபடியும் சொன்னது. இதற்கிடையில் 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மனநோய் சிகிச்சைக்கான கிளெய்மை மறுத்த ஒரு கம்பெனியைப் பணம் கொடுக்கச் சொன்னது. ஆனால் அந்த வழக்கு குடி பற்றியது அல்ல.

ஆக, சட்டத்தின் விளக்கம் ஒரு பக்கம் இழுக்கிறது, 12-ஆம் விலக்கு இன்னொரு பக்கம் இழுக்கிறது. கிளெய்ம் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருப்பது பாலிசி வாசகம்தான். அவர் 12-ஐக் காட்டி மறுத்துவிடுவார். மறுத்த பிறகு 21(4)-ஐ வைத்து வாதாடலாம், வாதமும் வலுவானதுதான். ஆனால் அது மறுக்கப்பட்ட கிளெய்முக்குப் போராட ஒரு காரணமே தவிர, பாலிசி வாங்க ஒரு காரணம் ஆகாது. இன்னும் வாங்காத பாலிசிக்காக ஒரு வழக்கைச் சேர்த்து வாங்க வேண்டாம்.

மூன்று பிளான்களுக்கும் வித்தியாசமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று மற்ற வாசகர்களுக்கும் தெரியட்டும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

19,000 ரூபாய் பிளானில் மனநல சிகிச்சைக்கு 50,000 ரூபாய் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஐந்து லட்சம் பாலிசி என்று பெயர், ஆனால் மனநலம் என்று வந்தால் அது ஐம்பதாயிரம் பாலிசிதான். அதைவிட முக்கியமான வரி அதில் வேறொரு இடத்தில் இருக்கிறது. ஆவணத்தின் முதல் பக்கங்களில் “மருத்துவமனை” என்றால் என்ன என்று வரையறுத்திருக்கிறார்கள். பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, பெரிய ஊரில் 15 படுக்கை, இருபத்துநான்கு மணி நேரமும் நர்ஸ், டாக்டர் என்று வழக்கமான நிபந்தனைகள். அப்புறம் கடைசியில், ஓய்வு இல்லம், முதியோர் இல்லம், குடிநோயாளிகளுக்கும் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்குமான இடம் ஆகியவை மருத்துவமனை ஆகா என்று ஒரு வாக்கியம். 12-ஆம் விலக்கே இல்லாமல் போனாலும் மறுவாழ்வு மையத்தின் பில் இந்த வாக்கியத்தில் விழுந்துவிடும். பலர் விலக்குப் பகுதியை மட்டும் படித்துவிட்டு வரையறைப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். கிளெய்மை மறுக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் வேலை செய்வது வரையறைப் பகுதிதான் என்பது என் அனுபவம்.

24,000 பிளானில் மனநலத்துக்கு உச்சவரம்பு இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தெந்த மனநோய் என்று ஐசிடி குறியீடுகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஐசிடி என்பது நோய்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கொடுத்திருக்கும் எண் வரிசை. அதில் மதுவால் வரும் மனநலக் கோளாறுகள் எஃப்10, மற்ற போதைப்பொருள்கள் எஃப்19 வரை. உங்கள் கணவருடைய நிலையை மருத்துவர் எஃப்10.2 என்று எழுதக்கூடும். அது மதுச் சார்பு நோய். நிறுத்தும்போது வரும் உபாதைகள் எஃப்10.3. இந்த பிளானின் பட்டியலில் எஃப்10 முதல் எஃப்19 வரை ஒன்றுகூட இல்லை. மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு எல்லாம் இருக்கின்றன. ஆக, மனநல சிகிச்சை கவர் ஆகிறது என்பது சரி, குடியும் அதிலேயே வந்துவிடும் என்பது தவறு.

31,000 பிளான்தான் ஏமாற்றுவதில் கெட்டிக்காரத்தனமானது. மனநோய் என்றால் 2017 சட்டத்தில் உள்ள விளக்கமே என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தால் மதுவும் உள்ளே வந்ததுபோலத் தோன்றும். நான்கு பக்கம் தள்ளி 12-ஆம் விலக்கு அப்படியே நிற்கிறது. புறநோயாளி செலவுக்கு வருடம் 5,000 ரூபாய் என்று ஒரு சலுகையும் இருக்கிறது, அதற்கும் இதே விலக்குகள் பொருந்தும் என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு.

புறநோயாளி என்று வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். குடிநோய் சிகிச்சையில் மருத்துவமனையில் படுப்பது ஆரம்பக் கட்டம் மட்டும்தான், போதையின் பாதிப்பை உடம்பிலிருந்து இறக்கும் சில நாட்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் மாத்திரை, கவுன்சலிங், மறுபடி மறுபடி டாக்டரைப் பார்ப்பது என்று போகும். நம் ஊர் ஹெல்த் பாலிசிகள் அடிப்படையில் 24 மணி நேரமாவது படுத்தவருக்கானவை. மறுவாழ்வு, ஓய்வுக்காகத் தங்குவது ஆகியவற்றுக்கு 5-ஆம் எண்ணில் தனி விலக்கே உண்டு. 30 நாள் தங்கலில் முதல் பத்து நாளை எப்படியோ மருத்துவமனைச் சிகிச்சை என்று வாதாடி ஜெயித்தாலும், மீதி நாட்களுக்கு அந்த 5-ஆம் விலக்கைக் காட்டுவார்கள்.

ஏஜென்ட் வாய்ச்சொல்லாக எது சொன்னாலும் அதைக் கம்பெனியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இமெயிலில் இப்படிக் கேளுங்கள்: “மதுச் சார்பு நோய்க்கு, ஐசிடி எஃப்10.2, மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்கு மேல் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றால் இந்தப் பாலிசியில் கிளெய்ம் உண்டா? உண்டு என்றால் எந்த ஷரத்தின்படி, எவ்வளவு வரை?” இந்தக் கேள்விக்கு நேரடியாக ஆம் என்று பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், நானும் நாலு பேருக்குச் சொல்கிறேன்.

இனி, என்னை உண்மையாகவே கவலைப்படுத்திய வாக்கியம்: “படிவத்தில் குடிப்பழக்கம் இல்லை என்று போட்டுவிடலாம்.”

தயவுசெய்து போடாதீர்கள். ஒழுக்கம் பற்றிய உபதேசம் அல்ல இது, பணம் பற்றிய பேச்சு. விண்ணப்பப் படிவத்தில் மது அருந்துபவரா, என்ன வகை, வாரத்துக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக என்று கட்டம் கட்டிக் கேட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் “இல்லை” என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடுவது உங்கள் கணவர், ஏஜென்ட் அல்ல. நாளைக்கு வயிற்றுவலி என்று எந்த மருத்துவமனைக்குப் போனாலும், முதல் மணி நேரத்திலேயே ஒரு நர்ஸோ பயிற்சி மருத்துவரோ வந்து பழக்கவழக்கங்களைக் கேட்பார். நோயாளி மயக்கத்தில் இருந்தால் கூட வந்த தம்பியிடம் கேட்பார். “பன்னிரண்டு வருடமாக மது, தினமும் 180 மில்லி, கடைசியாக நேற்று இரவு” என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். டிபிஏ-வில் கோப்பைப் பிரிக்கிறவர் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு முன்பே தேடுவது அந்தப் பக்கத்தைத்தான். பார்த்த அடுத்த நிமிடம் மருத்துவமனைக்கு ஒரு கேள்விக் கடிதம் போகும்: நோயாளியின் மதுப்பழக்கம் எத்தனை வருடமாக, தற்போதைய நோய்க்கும் அதற்கும் என்ன தொடர்பு, சிகிச்சை அளித்த மருத்துவர் எழுதித் தரவும். அந்தப் பதிலும் பழைய விண்ணப்பப் படிவமும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்படும்போது உங்களுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

நீதிமன்றமும் பேசாது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. எல்ஐசியின் ஜீவன் ஆரோக்யா பாலிசி எடுத்தவர், நீண்டகாலக் குடிப்பழக்கத்தை விண்ணப்பத்தில் மறைத்திருந்தார். பாலிசி எடுத்து ஒரு வருடத்துக்குள் கடும் வயிற்றுவலியோடு மருத்துவமனையில் சேர்ந்து, சுமார் ஒரு மாதம் சிகிச்சையில் இருந்து இறந்துபோனார். கீழே இருந்த நுகர்வோர் ஆணையங்கள் மனைவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தும், மறைத்தது மறைத்ததுதான் என்று சொல்லி, கிளெய்மை மறுத்தது சரி என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

“ஐந்து வருடம் கட்டிவிட்டால் அப்புறம் எதுவும் கேட்க முடியாது” என்றும் ஏஜென்ட் சொல்லியிருப்பார். 60 மாதம் தொடர்ச்சியாகக் கட்டிய பாலிசியில், தகவலை மறைத்தார் என்று காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்ற விதி 2024 முதல் இருக்கிறது, அதற்கு முன் எட்டு வருடமாக இருந்தது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. தவிர, 12-ஆம் விலக்கு ஐந்து வருடத்தில் கரைந்துபோவதும் இல்லை. அது பாலிசி உள்ளவரை இருக்கும்.

இதில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மூன்று பிளானும் ஃபேமிலி ஃப்ளோட்டர், நான்கு பேருக்கும் ஒரே பாலிசி. கணவர் மறைத்ததற்காகக் கம்பெனி பாலிசியை ரத்து செய்தால், உங்கள் மகளுக்கு டெங்கு வந்து படுத்திருக்கிற நேரத்திலும் பாலிசி இருக்காது. அதனால் என் யோசனை: உங்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு பாலிசி, கணவருக்குத் தனியாக ஒன்று. உங்கள் மூவருக்கு என்றால் அந்த 24,000 பிளான் மோசமில்லை, கணவரை எடுத்துவிட்டால் பிரீமியம் நன்றாகக் குறையும். அறை வாடகைக்கு வரம்பு இல்லாதது அதன் நல்ல அம்சம். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஏஜென்ட் அனுப்பிய தொகையில் பழைய 18 சதவீதம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவேளை ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், பாலிசி ஆவணம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம், சில்லறைக் கழிவுகள் இருக்கும்.

கணவருக்கான பாலிசியை இப்போது எடுக்க முயல வேண்டாம். உண்மையை எழுதினால் இப்போதைக்குத் தள்ளிவைப்பார்கள் அல்லது மறுப்பார்கள். சிகிச்சை முடிந்து, நிறுத்தி நாளாகி, கல்லீரல் பரிசோதனை அறிக்கைகள் கையில் இருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லி விண்ணப்பியுங்கள். பிரீமியம் கூட்டிப் போடலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைக்கலாம், அதாவது அதுவரை அந்த நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்காது, அது அதிகபட்சம் 36 மாதம்தான். கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருந்தால் நாள்பட்ட கல்லீரல் நோயை மட்டும் நிரந்தரமாக விலக்கிவிட்டு மற்றதற்குப் பாலிசி கொடுக்கவும் விதியில் இடம் இருக்கிறது. அப்படிக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்ட் அட்டாக்கும் விபத்தும் குடியை விட்டவருக்கும் வரும்.

இப்போது இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இத்தனை நாளாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் 12-ஆம் விலக்கு கிடையாது, ஏனென்றால் அது நீங்கள் கடையில் வாங்கும் பாலிசி அல்ல, சட்டப்படியான உரிமை. மருத்துவ உதவிக்குக் காத்திருப்புக் காலம் இல்லை, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. தனி ஆளுக்கு இத்தனை லட்சம்தான் என்ற வரம்பும் இல்லை. நீங்களும் பிள்ளைகளும்கூட அதில் அடக்கம். கம்பெனி அலுவலகத்தில் அவருடைய இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு, இ-பெஹ்சான் என்ற இஎஸ்ஐ அடையாள அட்டையை அச்செடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டி, கோவை சிங்காநல்லூரில் உள்ள இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். நடுக்கம் மோசமானாலோ வலிப்பு வந்தாலோ சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு பலன், நோய்க்கால உதவித்தொகை. மருத்துவர் சான்றிதழ் கொடுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. முந்தைய ஆறு மாதக் கட்டண காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். தனியார் ஹெல்த் பாலிசிகள் பொதுவாக நின்றுபோன சம்பளத்தைத் தருவதில்லை. ஆனால் தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிட்டு அந்த 75,000-ஐ இஎஸ்ஐ திருப்பித் தரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். இஎஸ்ஐ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

இஎஸ்ஐ ஒத்துவரவில்லை என்றாலும் வழி இருக்கிறது. திருப்பூர், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, செலவு கிடையாது. 2025-இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று 104 சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, இரண்டும் இலவசம். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் உண்டு. தனியார் மையத்தில்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறார், முதல் வாரத்தில் இரவு டாக்டர் இருப்பாரா என்று கேளுங்கள். உங்களைப் பார்க்க விடமாட்டோம் என்று சொல்லும் இடமாக இருந்தால் அப்போதே திரும்பி வந்துவிடுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு ஒரு பயம் வரும், “குடிகாரர் என்று எழுதிவிட்டார்களே, இனி எந்தக் கிளெய்மும் கிடைக்காதா” என்று. அப்படி இல்லை. 12-ஆம் விலக்கு குடிநோய்க்கும் அதன் விளைவுக்கும்தான், குடித்தவருக்கு வரும் எல்லா நோய்க்கும் அல்ல. குடல்வாலுக்கும் டெங்குவுக்கும் அதைக் காட்டி மறுக்க முடியாது. கணையம், கல்லீரல் என்று வந்தால் தகராறு வரும். அப்போதும் மதுதான் காரணம் என்று காட்ட வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. பித்தப்பைக் கல்லாலும் கணைய அழற்சி வரும். மருத்துவரிடம் பொய் எழுதச் சொல்லாதீர்கள், காரணம் வேறு என்றால் அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னை அண்ணா சாலையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியிடம், ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான பிரச்சினைகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாகப் பிள்ளைகள். குறுக்கே வராது. படிவத்தில் பழக்கவழக்கக் கேள்விகள் பாலிசியில் சேரும் ஆளைப் பற்றித்தான் கேட்கப்படும். குடும்ப நோய் வரலாறு கேட்கும் இடத்திலும் சர்க்கரை, இதயநோய், புற்றுநோய் போன்றவைதான் வழக்கம். அவர்களுக்கான பாலிசியில் அப்பா ஓர் உறுப்பினராக இல்லாதவரை அவருடைய சிகிச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடமே வராது. அதற்காகவும்தான் பாலிசியைப் பிரித்து எடுக்கச் சொன்னேன்.